வீட்டு விஷயத்தில் பாடசாலை ஏன் தலையிடுகிறது? பிள்ளைகளைப் பாதுகாக்கும் சட்டங்கள் வந்த கதை



பெற்றோர் கூட்டம் நடக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. "பிள்ளை எங்கட பிள்ளை, வீட்டில நடக்கிறது எங்கட விஷயம், ஸ்கூல் ஏன் கேக்குது?" கோபத்தில் கேட்பவர்களும் உண்டு, கவலையோடு கேட்பவர்களும் உண்டு. ஆசிரியர்களாகிய எங்களுக்கு இந்தப் பொறுப்பு எப்படி வந்தது என்பதை ஊரோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1939ஆம் ஆண்டு, சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் (48ஆம் இலக்கம்) கொண்டுவரப்பட்டது. பராமரிப்பு இல்லாத பிள்ளையை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரலாம் என்பது அன்றிலிருந்தே சட்டம். 1956இல் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் தனியாக இயங்கத் தொடங்கியது. ஆனால் அந்தக் காலத்துச் சட்டத்தின் கண்ணுக்குப் பட்டவர்கள் பெரும்பாலும் தெருவில் நின்ற பிள்ளைகளும் களவில் பிடிபட்ட பிள்ளைகளும்தான். நல்ல வீட்டுக்குள் அடிபடும் பிள்ளையை யாரும் பார்க்கவில்லை.

பெரிய மாற்றம் தொண்ணூறுகளில் வந்தது. 1991 ஜூலையில் இலங்கை ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. எங்கள் பகுதிக்கு அந்தக் காலம் வேறொரு காரணத்தால் மறக்க முடியாதது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்கள் கற்பிட்டி, புத்தளம், முந்தல் என்று வந்து ஓலைக் கொட்டில்களில் தங்கினார்கள். ஒரே அறைக்குள் முழுக் குடும்பமும். பிள்ளைக்குப் படிக்கவும் இடமில்லை, பயந்தால் ஒதுங்கவும் இடமில்லை. சிறுவர் பாதுகாப்பு என்று பேசும்போது நாங்கள் அந்தக் கொட்டில்களையும் சேர்த்துத்தான் நினைக்கிறோம்.

1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் முக்கியமானது. பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது தனிக் குற்றமானது. செய்தவர் பெற்றோராக இருந்தாலும் குற்றம்தான். குடும்பத்துக்குள் நடக்கும் பாலியல் கொடுமைக்கும் தனிப் பிரிவு வந்தது. பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா போன்ற குழந்தை மருத்துவர்கள், வைத்தியசாலைக்கு வரும் பிள்ளைகளின் உடம்பில் கண்டதை வெளியே சொல்லத் தொடங்கியிருந்த காலம் அது. 1998இல் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவானது. அவரே முதல் தலைவர். அடுத்த வருடமே, பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றத்தில் சாட்சியாகக் காட்டவும் சட்டம் இடம் கொடுத்தது. நடந்ததை எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது பிள்ளைக்கு இரண்டாவது கொடுமை என்பதை ஒத்துக்கொண்ட சட்டம் அது.

1998இல் இன்னொன்றும் நடந்தது. 5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 2016இல் அது 16 வயதாக உயர்ந்தது. பாடசாலை ஏன் கேட்கிறது என்ற கேள்விக்கு எங்கள் நேரடியான பதில் இதுதான். எல்லாப் பிள்ளைகளையும் கிழமையில் ஐந்து நாள் பார்க்கிற ஒரே இடம் பாடசாலை. பிள்ளை வராவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரிப்பது எங்கள் கடமை.

இனி நம் சமூகத்துக்குக் கசக்கிற விஷயத்துக்கு வருவோம். 1995இல் பொதுச் சட்டப்படி திருமண வயது 18 ஆனது. அது முஸ்லிம்களைக் கட்டுப்படுத்தவில்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் குறைந்தபட்ச வயது சொல்லப்படவில்லை. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மட்டும் காதியின் அனுமதி வேண்டும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு உறவு குற்றம் என்று 1995 திருத்தம் சொன்னபோதும், 12 வயதைத் தாண்டிய மனைவி என்றால் விலக்கு என்று எழுதி வைத்தார்கள். 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு அறிக்கை கொடுக்க 2018 ஜனவரி ஆனது. மார்க்கத்தைப் பற்றி ஆலிம்கள் பேசட்டும். நாங்கள் வகுப்பறையைப் பற்றிப் பேசுகிறோம். ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது பதில் வராத பிள்ளை 16 வயதுக்குக் குறைந்தவள் என்றால், கட்டாயக் கல்விச் சட்டம் அவளுக்கும் உண்டு. அதில் எந்தச் சமூகத்துக்கும் விலக்கு எழுதப்படவில்லை.

உம்மா வெளிநாட்டில், வாப்பா கடலில் என்று வளரும் பிள்ளைகளும் இங்கே நிறைய. 2013இல் அரசு குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்து, சின்னப் பிள்ளைகள் உள்ள தாய்மார் வெளிநாடு போவதைத் தடுத்தது. தாயை மட்டும் குற்றவாளியாக்கிய ஏற்பாடு அது என்பது எங்கள் கருத்து. 2022இல் அதைக் கைவிட்டார்கள். போன தாயைப் பேசுவதைவிட, பிள்ளை இப்போது யாருடைய வீட்டில் தூங்குகிறது என்று கேட்பது பிரயோசனம்.

மற்றவர்களை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. பாடசாலைக்குள் நடக்கும் அடியும் இதில் சேர்த்திதான். பிரம்பு வேண்டாம் என்று கல்வி அமைச்சு 2005இலும் 2016இலும் சுற்றுநிருபம் அனுப்பியது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் இன்னும் அழுத்திச் சொன்னது. ஹம்பாந்தோட்டை மாவட்டத்தில் ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் காது கேட்காமல் போன வழக்கு அது. ஆசிரியர் 5 இலட்சம் ரூபாவும் அரசு ஒன்றரை இலட்சம் ரூபாவும் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. எழுதியவர் நீதியரசர் எஸ். துரைராஜா. "நல்லா அடிச்சுப் படிப்பிச்சுத் தாங்க சேர்" என்று இன்றும் சொல்லும் வாப்பாமார் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

இணைய ஆபத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1998இல், கழுவக் கொடுத்த பிலிமில் பிள்ளையின் ஆபாசப் படம் இருந்தால் ஸ்டூடியோக்காரர் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 2006இல் அந்தப் பொறுப்பு நெட் கபே நடத்துபவர் பக்கம் போனது. இரண்டுக்கும் ஒரு கடை இருந்தது, கடைக்காரர் ஒருவர் இருந்தார். பிறகு 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. வட்ஸ்அப்பில் பாடம், ஸூமில் வகுப்பு. கடன் வாங்கி ஃபோன் வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் எங்களுக்குத் தெரியும். பாடத்துக்காகக் கைக்கு வந்த ஃபோன் பாடம் முடிந்தும் திரும்பிப் போகவில்லை. இப்போது பார்க்க ஸ்டூடியோவும் இல்லை, கபேயும் இல்லை. அறைக்குள் பிள்ளை தனியாக இருக்கிறது. 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் சிறுவர் துஷ்பிரயோகத்தையும் தொடுகிறது. பேச்சுச் சுதந்திரத்துக்கு அது ஆபத்து என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் படத்தை வைத்து மிரட்டுவதைக் குற்றமாகப் பார்க்க அந்தச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவை இருக்கவில்லை.

ஊரில் இப்படி ஒன்று நடந்தால் முதலில் ஃபோனைப் பறித்து எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். அதோடு சாட்சியும் போய்விடுகிறது. அழிக்காதீர்கள், படத்தை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். பள்ளிவாசலில் வைத்து இரண்டு பக்கமும் பேசி முடித்துவிடலாம் என்பதும் சரிவராது. காணித் தகராறைப் பேசித் தீர்க்கலாம். பிள்ளைக்கு எதிரான குற்றத்தைச் சமாதானமாக்க ஊருக்கு அதிகாரம் இல்லை. "மானம் போயிடும்" என்று மூடி வைத்தால் செய்தவன் அடுத்த வீட்டுக்குப் போவான்.

வகுப்பாசிரியரிடமோ அதிபரிடமோ சொல்லலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பொலிசில் சிறுவர், பெண்கள் பிரிவு இருக்கிறது. வீட்டுக்குள்ளே வன்முறை என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பிள்ளைக்காகப் பொலிசும் கேட்கலாம். யாரிடமும் நேரில் சொல்ல வெட்கமாக இருந்தால் 1929க்கு எடுங்கள். காசு இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அந்த இலக்கத்தைப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்.