கைரேகையை முதலில் யாரிடம் எடுத்தார்கள்?

போன மாதம் இருளர் பாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் செங்கல் அறுத்தவர். இப்போது உடம்பு முடியாமல் வீட்டில் இருக்கிறார். இயந்திரத்தில் விரலை வைத்தார், பதியவில்லை. கையைக் கழுவிவிட்டு வைத்தார், பதியவில்லை. "தலையில தேச்சிட்டு வை பாட்டி" என்றார் விற்பனையாளர். அப்படியும் பதியவில்லை. குடும்பத்தில் வேறு யாராவது வரலாம் அல்லது ஓடிபி வரவழைக்கலாம் என்று அவர் வழி சொன்னார். பாட்டி தனி ஆள். அட்டையில் இருக்கும் செல் நம்பர் யாருடையது என்றே அவருக்குத் தெரியவில்லை. வரும் வழியில் என்னிடம், "செங்கல்லு அறுத்து அறுத்து தேஞ்சி போச்சிம்மா. அதுக்கு நான் இன்னா பண்றது?" என்று கேட்டார்.

கைரேகை, கருவிழி, முகம் ஆகியவற்றை வைத்து ஆளை அடையாளம் காணும் தொழில்நுட்பம் பற்றி வாரத்துக்கு ஒரு செய்தி வருகிறது. வேகமானது, துல்லியமானது, ஊழலை ஒழிக்கும் என்று எழுதுகிறார்கள். இந்தத் தொழில்நுட்பத்துக்கு 160 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதன் பெரும்பகுதி நடந்தது நம் நாட்டில், மறுக்க முடியாத நிலையில் இருந்தவர்களின் விரல்களில். பயிற்சி வகுப்புகளில் இதைப் பற்றிக் கேட்ட தோழர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

1858. முந்தைய ஆண்டின் கிளர்ச்சியை ஆங்கிலேயர்கள் அப்போதுதான் அடக்கி முடித்திருந்தார்கள். வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் அதிகாரி, சாலை போடப் பொருள் சப்ளை செய்ய ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரோடு ஒரு ஒப்பந்தம் எழுதினார். கையெழுத்து போதும் என்று விடாமல், கோனாயின் உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத்தின் பின்பக்கம் முழுக் கையையும் பதியவைத்தார். 'இது என் கையெழுத்து இல்லை' என்று பின்னால் சொல்லிவிடாதபடி அவரை மிரட்டி வைப்பதுதான் நோக்கம் என்று ஹெர்ஷலே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அறிவியல் அப்போது அதில் இல்லை. உள்ளூர்க்காரர் பொய் சொல்வார் என்ற முன்முடிவுதான் இருந்தது. 1877இல் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது ஓய்வூதியம் வாங்குபவர்கள், பத்திரம் பதிபவர்கள், சிறைக்கைதிகள் என்று பலரிடமும் விரல்ரேகை எடுக்கத் தொடங்கினார்.

இங்கிலாந்தில் இதை அறிவியலாக்கியவர் பிரான்சிஸ் கால்டன். இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். 'நல்ல பிறப்பு' உள்ளவர்களைப் பெருக்கி மற்றவர்களைக் குறைக்க வேண்டும் என்ற யூஜெனிக்ஸ் என்னும் கொள்கைக்கு 1883இல் பெயர் வைத்தவர் இவரே. விரல்ரேகையில் இனமும் அறிவுத்திறனும் எழுதியிருக்கும் என்று எதிர்பார்த்து ஆங்கிலேயர், வெல்ஷ்காரர், யூதர், கறுப்பர், பாஸ்க் மக்கள் என்று ரேகைகளைச் சேகரித்து ஒப்பிட்டுப் பார்த்தார். எந்தக் கூட்டத்துக்கும் தனி அடையாளம் என்று ஒன்றும் கிடைக்கவில்லை. 1892இல் வெளிவந்த தன் நூலில் அதை ஏமாற்றத்தோடு ஒப்புக்கொண்டார்.

இதே காலத்தில்தான் ஹெர்பர்ட் ரிஸ்லி வங்காளத்தில் மக்களின் மூக்கை அளந்து, மூக்கு அகலமாக ஆக ஆகச் சாதி தாழ்வானது என்று 'நிரூபித்துக்'கொண்டிருந்தார். மூக்கில் சாதியைக் கண்டுபிடித்தவர்கள் இருந்த நாட்டில், விரல் மட்டும் யாரையும் காட்டிக்கொடுக்க மறுத்தது. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இது.

ஆனால் விரல் சாதியைச் சொல்லாவிட்டாலும், யாருடைய விரலைப் பதிவது என்பதைச் சாதியை வைத்து முடிவுசெய்யலாம் அல்லவா?

அதற்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. ஆயிரக்கணக்கான ரேகைத் தாள்களைச் சேர்த்துவிட்டால், பிடிபட்ட ஒருவரின் தாளை அந்தக் குவியலில் எப்படித் தேடுவது? இதைத் தீர்த்தது கல்கத்தா. வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ் வேலை செய்த அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இருவர்தான் இதில் முக்கியமானவர்கள். ஹக் கணிதம் படித்தவர். பத்து விரல்களை ஐந்து ஜோடிகளாகப் பிரித்தார்கள். சுழி இருக்கும் விரலுக்கு மட்டும் மதிப்பு. ஜோடிக்கு ஏற்ப அது 16, 8, 4, 2, 1. கூட்டி வரும் இரண்டு எண்களை வைத்து 32 வரிசை, 32 பத்தி என்று 1,024 அறைகள் கொண்ட அலமாரி. எந்தத் தாள் எந்த அறையில் இருக்கும் என்று சில நிமிடத்தில் சொல்லிவிடலாம். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. லண்டனின் ஸ்காட்லாந்து யார்டு இந்த முறையை எடுத்துக்கொண்டது 1901இல்தான்.

உலகம் அதை 'ஹென்றி முறை' என்று அழைத்தது. ஹென்றி லண்டன் போலீஸ் கமிஷனர் ஆனார். ஹக்குக்கும் போஸுக்கும் பல ஆண்டுகள் கழித்து ஒரு பட்டமும் கொஞ்சம் பணமும் கிடைத்தன. இந்த அநீதியைப் பலர் சமூக வலைத்தளங்களில் 'இந்தியர்களின் கண்டுபிடிப்பு' என்று பெருமையோடு பகிர்கிறார்கள். கண்டுபிடித்தவர்கள் இந்தியர்கள் என்பது உண்மை. அது எந்த இந்தியர்கள்மேல் போய் விழுந்தது என்பதையும் சேர்த்துப் பகிர்ந்தால் நன்றாக இருக்கும்.

1871இல் வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஒருவர் என்ன செய்தார் என்று பார்க்காமல், எந்தச் சாதியில் பிறந்தார் என்று பார்த்துக் குற்றவாளி ஆக்கும் சட்டம் அது. தச்சன் மகன் தச்சன் என்றால் திருடன் மகன் திருடன்தானே என்று கேட்டார்கள் அதைக் கொண்டுவந்தவர்கள். மனுவின் தர்க்கம் ஆங்கிலத்தில் சட்டமானது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஒரு சமூகத்தைப் பட்டியலில் சேர்த்த அறிவிப்பு செல்லாது என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. 1911இல் சட்டம் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, பதிவுசெய்யப்பட்டவர்களின் ரேகையை எடுக்கும் அதிகாரம் அதில் சேர்ந்திருந்தது. கல்கத்தா அலமாரி அதற்குள் தயார். பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. அலைந்து திரிந்து உப்பு விற்ற குறவர்களுக்கு இது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மதுரைப் பக்கம் மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றே சொன்னார்கள். பிரமலைக் கள்ளர்களில் 1914இல் கீழக்குயில்குடியில் தொடங்கி 1918இல் முழுச் சமூகமும் பட்டியலில் வந்தது. ஆண்கள் ரேகை வைக்க வேண்டும், இரவில் போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டும், வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை எடுக்க வந்த போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் மாயக்காள் என்று ஊர் சொல்கிறது. கைரேகை கொடுக்க மாட்டோம் என்று சொல்லி உயிரைவிட்ட ஊர் உலகில் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

தலித் வலைப்பூவில் இதை ஏன் எழுதுகிறாய் என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதே உசிலம்பட்டி வட்டாரத்தில்தான் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் நாட்டார்மங்கலமும் இருக்கின்றன. 1996 முதல் 2006 வரை தலித் ஒருவர் ஊராட்சித் தலைவராக உட்கார முடியாமல் செய்த ஊர்கள். பிறப்பை வைத்து மனிதரை அளப்பதன் வலியை அனுபவித்த ஒரு சமூகம், அதே அளவுகோலைக் கீழே இருப்பவர்மேல் வைத்தது. இதை மறைத்துவிட்டுப் பெருங்காமநல்லூரைப் பேச எனக்கு மனமில்லை. பெருங்காமநல்லூரை விட்டுவிட்டுப் பாப்பாபட்டியை மட்டும் பேசவும் மனமில்லை.

சென்னை மாகாணம் 1947இலும் இந்தியா முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்றும் அந்தச் சட்டம் ஒழிந்தது. அதன் இடத்தில் 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டங்கள் மாநிலம்தோறும் வந்து உட்கார்ந்தன. பட்டியல் போனாலும் பழக்கம் போகவில்லை. திருட்டு நடந்தால் முதலில் குறவர் குடியிருப்புக்குப் போகும் போலீஸ் ஜீப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் கொல்லப்பட்ட ராஜாகண்ணு குறவர்தான். படத்தில் இருளராகக் காட்டினார்கள்.

பெருங்காமநல்லூர் துப்பாக்கிச்சூடு நடந்த அதே 1920இல், செப்டம்பரில், கைதிகளின் ரேகையும் புகைப்படமும் எடுக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அது 102 ஆண்டு வாழ்ந்து 2022இல்தான் போனது. அதற்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் ரேகையோடு கருவிழி, விழித்திரை, உயிரியல் மாதிரி, கையெழுத்து எல்லாவற்றையும் எடுக்கலாம் என்கிறது. தண்டனை பெற்றவர்கள் மட்டுமல்ல, கைதானவர்களும் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டவர்களும் இதில் அடக்கம். பதிவு 75 ஆண்டு இருக்கும். முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால் அழிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. போராட்டத்தில் கைதாகி வழக்கு முடிந்த தோழர்கள், அழித்தார்களா என்று எழுதிக் கேளுங்கள். ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள வழக்கில் கைதானால் உயிரியல் மாதிரி தர மறுக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றம் என்றால் மறுக்க முடியாது. விரல்ரேகை தர மறுக்க யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொரு பக்கம் ஆதார். 2010 செப்டம்பர் 29 அன்று நாட்டின் முதல் ஆதார் எண்ணை மகாராஷ்டிராவின் தெம்பிலி கிராமத்தில் ஒரு பழங்குடிப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். இந்த முறை காரணம் நலத்திட்டம். தப்பிக்கக் கூடாது என்று அன்று விரலைப் பதிந்தார்கள். இன்று விரல் பதிந்தால்தான் அரிசி. சாக்கடை அள்ளும் கை, சுண்ணாம்புக் கை, செங்கல் அறுக்கும் கை எல்லாம் ரேகை தேய்ந்து போகும் கைகள். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் விரலுக்கு இந்தப் பிரச்சினை வருவதில்லை.

பாட்டிக்காக வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போனோம். அவருக்குப் பதிலாக வேறொருவர் பொருள் வாங்க அனுமதி கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், விண்ணப்பதாரர் கையொப்பம் எங்கே என்றார். பாட்டிக்கு எழுதத் தெரியாது என்றேன். மை டப்பாவை எடுத்து எங்கள் பக்கம் நகர்த்தினார். பாட்டி இடது கைப் பெருவிரலை அழுத்தி எடுத்தார். தாளில் கோடு ஒன்றும் இல்லாமல் நீல வட்டம் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே பாட்டியின் பெயரை எழுதி, 'இடது பெருவிரல் ரேகை' என்று குறித்து, மனுவை வாங்கிக்கொண்டார்.