மூன்று திரைகளும் இரண்டு கோடுகளும்

சினிமாத் திரை அகலமான கதையைப் பொதுவாக விஞ்ஞான முன்னேற்றத்தின் கதையாகவே சொல்லி வந்திருக்கிறார்கள். சிறியது பெரிதாயிற்று, முன்னாலிருந்து மட்டும் வந்த ஒலி பின்னாலிருந்தும் மேலிருந்தும் வரத் தொடங்கிற்று, பார்வையாளன் மேலும் மேலும் படத்துக்குள் இழுக்கப்பட்டான். இதே சரித்திரத்தை வேறொரு இடத்தில் நின்றும் பார்க்கலாம். இரண்டு பிம்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுவே ஒரு கோடு விழும். அந்தக் கோட்டை என்ன செய்வது? இதற்கு அவ்வப்போது சொல்லப்பட்ட பதில்களே அகலத்திரையின் சரித்திரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1927 ஏப்ரல் 7 அன்று பாரிஸ் ஓபராவில் ஆபெல் கான்ஸின் 'நெப்போலியன்' திரையிடப்பட்டது. மௌனப் படம். நெப்போலியனின் படை இத்தாலிக்குள் நுழையும் இறுதிக் கட்டத்தில் ஒரு திரை மூன்றாகிறது; மூன்று புரொஜெக்டர்கள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. சில இடங்களில் மூன்றும் சேர்ந்து ஒரே நிலக்காட்சி. வேறு சில இடங்களில் நடுவே ஒரு பிம்பம், இரு பக்கமும் அதற்குச் சம்பந்தமற்றது போல் தோன்றும் வேறு பிம்பங்கள். முடிவில் மூன்று திரைகளும் பிரெஞ்சுக் கொடியின் நீலமும் வெள்ளையும் சிவப்புமாகின்றன.

கான்ஸின் வீர வழிபாடு இன்று சலிப்பூட்டக்கூடியது. ஆனால் உத்தியின் தர்க்கம் வேறு. எடிட்டிங்கில் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை அவர் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். நடுவிலுள்ள முகத்துக்கும் ஓரத்திலுள்ள படைக்கும் என்ன உறவு என்பதைப் பார்வையாளன்தான் தீர்மானிக்க வேண்டும். கோடு இல்லாவிட்டால் இந்த வேலை இல்லை. மூன்று புரொஜெக்டர் வைக்கக்கூடிய தியேட்டர்கள் மிகச் சில. அதே ஆண்டு அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' வந்தது. முதலாளிகளின் பணம் பேசும் படத்துக்குப் போயிற்று. கான்ஸின் மூன்று திரை அத்தோடு முடிந்தது.

அது திரும்ப வந்த வழி விசித்திரமானது. பிரெட் வாலர் என்ற அமெரிக்கர், மனிதன் ஆழத்தை உணர்வதில் ஓரப்பார்வைக்குப் பெரும் பங்குண்டு என்று நம்பினார். இரண்டாம் உலகப் போரில் அவர் செய்து கொடுத்தது விமான பீரங்கியாளர்களுக்கான பயிற்சிக் கருவி: ஐந்து புரொஜெக்டர்கள், வளைந்த திரை, அதில் பாய்ந்து வரும் எதிரி விமானங்கள். பீரங்கியாளனுக்குச் சட்டகம் தேவையில்லை. அவன் யோசிக்கக் கூடாது, சுட வேண்டும். திரையின் விளிம்பு அவன் கண்ணிலிருந்து மறைவதே பயிற்சியின் வெற்றி.

போர் முடிந்தது. கருவி தியேட்டருக்கு வந்தது. 1952 செப்டம்பர் 30 அன்று நியூயார்க் பிராட்வே தியேட்டரில் 'திஸ் இஸ் சினிராமா'. முதலில் சிறிய கறுப்பு வெள்ளைச் சட்டகத்துக்குள் லோவல் தாமஸ் நின்று பேசுகிறார். பிறகு திரைச்சீலை விலகி விலகி 146 பாகை வளைவு திறக்க, பார்வையாளர்கள் ரோலர் கோஸ்டரின் முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்கள். படம் முடிவது அமெரிக்க நிலப்பரப்பின் மேல் விமானத்தில் பறந்து, தேசபக்திப் பாடலோடு. கான்ஸைப் போலவே இங்கும் கொடிதான். ஆனால் கான்ஸ் சில இடங்களிலாவது மூன்றை மூன்றாகக் காட்டினார். சினிராமா மூன்றை ஒன்றென்று நம்பவைக்க முயன்றது.

நம்பவைக்க முடியவில்லை. இரண்டு கோடுகளும் நடுங்கிக்கொண்டே இருந்தன. வாள் பல் போன்ற சிறு தகடுகள் புரொஜெக்டருக்குள் வேகமாக ஆடி விளிம்பு ஒளியை மங்கலாக்கின. அப்படியும் கோடு தெரிந்தது. 'ஹௌ தி வெஸ்ட் வாஸ் வன்' (1962) படத்தில் மரங்களையும் தூண்களையும் கோடு விழும் இடத்தில் நிறுத்தி மறைத்தார்கள். வெவ்வேறு பகுதிகளில் நின்ற நடிகர்கள் நேருக்கு நேர் பார்த்தால் திரையில் பார்வை பொருந்தாது; பொருந்துவதற்காக வேறெங்கோ பார்த்து நடித்தார்கள். ஒருமை என்ற பொய்க்கு மனிதர்கள் கொடுத்த விலை இது.

வியாபாரத்துக்கு உகந்த பதிலும் பாரிஸிலிருந்தே வந்தது. கான்ஸின் காலத்திலேயே ஆன்ரி கிரெத்தியேன் அகலமான காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிச் சாதாரணப் பிலிமில் அடக்கும் லென்ஸைச் செய்திருந்தார். பாக்ஸ் கம்பெனி அதை வாங்கிச் சினிமாஸ்கோப் ஆக்கி, 1953இல் 'தி ரோப்' படத்தை வெளியிட்டது. ஒரு பிலிம், ஒரு புரொஜெக்டர், கோடே இல்லை. 1973இல் 'ராஜராஜ சோழன்' வழியாகத் தமிழுக்கு வந்ததும் இந்த லென்ஸின் தத்துவம்தான். கான்ஸின் மூன்று திரை அல்ல. ஐமாக்ஸின் பிறப்பும் இதே தர்க்கத்தில். 1967 மான்ட்ரியல் கண்காட்சியில் பல திரைகளோடு மல்லாடிய கனடியர்கள், 1970இல் ஒசாகா கண்காட்சியில் 70 மி.மீ. பிலிமைக் கிடையாக ஓட்டி ஒற்றைப் பேருருவத்தை நிறுத்தினார்கள்.

ஒலியின் கதையும் இதற்கு இணையாகவே ஓடுகிறது. அதே பிராட்வே தியேட்டரில் 1940 நவம்பர் 13 அன்று டிஸ்னியின் 'பேன்டசியா', ஸ்டொகோவ்ஸ்கியின் இசையைப் பல திசைகளிலிருந்து ஒலிக்கவைத்தது. செலவு தாங்காமல் சில ஊர்களோடு நின்றது. சினிராமாவுக்காக ஹஸார்ட் ரீவ்ஸ் தனிக் காந்தப் பிலிமில் ஏழு தடங்கள் வைத்தார். சினிமாஸ்கோப்பின் நான்காவது தடம் பார்வையாளர்களைச் சுற்றியிருந்த ஒலிபெருக்கிகளுக்கானது. அதில் ஒலி இல்லாத நேரத்தில் பிலிமின் இரைச்சல் கேட்டுவிடும் என்று, ஒரு ரகசிய ஸ்வரத்தைப் பதிந்து, அது வரும்போது மட்டும் அந்த ஒலிபெருக்கிகள் விழித்துக்கொள்ளும்படி செய்தார்கள். இங்கும் மறைக்கப்பட்டது ஒட்டுத்தான்.

கோட்டை மறைக்காமல் பயன்படுத்திய ஒரு சந்தர்ப்பம் உண்டு. 'அபோகலிப்ஸ் நௌ' (1979). தொடக்கத்தில் ஹெலிகாப்டரின் சத்தம் அரங்கைச் சுற்றி வருகிறது. திரையில் ஓட்டல் அறையின் மின்விசிறி. கண் ஒன்றைச் சொல்ல, காது வேறொன்றைச் சொல்கிறது. அந்த இடைவெளியில்தான் வில்லார்டின் மனம் இருக்கிறது. வால்டர் மர்ச் பின்னால் வைத்த ஒலிபெருக்கிகளை நம்மைச் சூழ மட்டும் பயன்படுத்தவில்லை. கான்ஸ் பிம்பத்துக்கும் பிம்பத்துக்கும் நடுவில் வைத்த கோட்டை அவர் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் வைத்தார்.

2012இல் டால்பி அட்மாஸ் வந்தது. 128 தடங்கள், 64 ஒலிபெருக்கி வழிகள்வரை, தலைக்கு மேலேயும். ஓர் ஒலி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தடையற்று நகர்கிறது. கோடு முற்றாக அழிந்தாயிற்று. வாலரின் கனவு நிறைவேறிற்று. பீரங்கியாளனின் இருக்கையில் இப்போது குடும்பத்தோடு உட்காருகிறோம்.

கருவியைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. மர்ச்சுக்குக் கிடைத்ததும் கருவிதான். 1979இல் பிரௌன்லோ மீட்டெடுத்த 'நெப்போலியன்' கொலராடோவின் டெல்யுரைடில் திறந்த வெளியில் காட்டப்பட்டபோது 89 வயது கான்ஸ் ஓட்டல் ஜன்னல் வழியே பார்த்தார். மூன்று திரை, இரண்டு கோடு; எதுவும் மறைக்கப்படவில்லை.

சூழ்தல் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் இரண்டு பொருள். சுற்றி வளைப்பது ஒன்று, ஆராய்ந்து எண்ணுவது மற்றொன்று. நம் தியேட்டர்கள் முதல் பொருளில் தேர்ச்சி பெற்றுவிட்டன. இரண்டாவதற்கு இன்னமும் ஒரு கோடு வேண்டியிருக்கிறது.