காதில் தொடங்கிய வாசிப்பு

விரும்பிப் படிக்கும் பழக்கம் பள்ளிக்கூடத்தில் பிறக்கிறது என்று எல்லாரும் நம்புகிறோம். நாட்றம்பள்ளியை உள்ளடக்கிய பழைய வடஆர்க்காட்டின் வரலாறு வேறு விடை தருகிறது. ஊர்தோறும் பள்ளி வருவதற்கு வெகு முன்பே இங்கே திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடந்தது. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதச் செய்யுளைச் சொல்லிப் பொருள் விரிப்பார். இரவில் அதே கதை விடியவிடியத் தெருக்கூத்தாகும். பாரதப் போர் முடியும் படுகளத்தன்று மண்ணாலான துரியோதனன் வீழ்வான். எழுத்தறியாதவரும் செய்யுளின் ஓசைக்கும் கதையின் போக்குக்கும் பழகினார்கள். வாணியம்பாடியின் உருதுக் குடும்பங்களுக்கு முஷாயிரா என்னும் கவியரங்கம் இதே பயிற்சியைத் தந்தது. சுவை முதலில் காதில் ஊறியது. எழுத்து பிறகு வந்தது.

அச்சகத்தார் இதை அறிந்திருந்தார்கள். அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை முதலியவற்றைப் பெரிய எழுத்தில், மலிவான தாளில் போட்டார்கள். ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றியிருந்தவர்கள் கேட்டார்கள். கதை முன்பே தெரிந்திருந்ததால், புதிதாக எழுத்துக் கூட்டியவருக்கு அடுத்த சொல்லை ஊகிக்க முடிந்தது. தடுமாறினாலும் புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றவில்லை. கடல் கடந்த சான்றும் உண்டு. கியூபாவின் ஹவானாவில் 1865 முதல் சுருட்டுத் தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து பணம் சேர்த்து, வேலை நேரத்தில் நாளிதழும் நாவலும் வாசிக்க ஆள் வைத்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தாமல் அவர்களே விலை கொடுத்து வாங்கிய இன்பம் அது.

கேட்பது கூட்டத்தோடு, வாசிப்பது தனிமையில். ஒன்று மற்றொன்றாக எப்படி மாறும் என்று கேட்கலாம். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் இரண்டுக்கும் பொது. அந்த ஆவல் வந்தவருக்குத் தனிமை சுமையாகாது. நூற்றாண்டுகளாகக் கேட்டும் வாசகர் பெருகவில்லையே என்ற மறுப்பு இன்னும் வலுவானது, அது நியாயமும்கூட. தோலைப் பதப்படுத்தி இந்த வட்டாரத்தை வாழவைத்த சாதியினருக்குக் கோயில் முற்றமும் பள்ளித் திண்ணையும் எளிதில் திறக்கவில்லை. சுவை இருந்தாலும் கைக்குப் புத்தகம் எட்டவில்லை. அதற்காகத்தான் 1948-இன் சென்னைப் பொது நூலகச் சட்டம் வேண்டியிருந்தது. சொத்துவரியோடு நூலக வரியையும் சேர்த்து, படிப்பதைப் பொது உரிமையாக்கியது. ஆனால் அலமாரி மட்டும் வாசகரை உண்டாக்காது. இன்றும் நூலகப் பாடவேளையில் ஆசிரியர் ஒரு கதையை உரக்கப் படித்து, கேள்வி எதுவும் கேட்காமல் விடட்டும்; அடுத்த புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். கேட்ட சுவையும் எடுக்கும் உரிமையும் சேர்ந்தால்தான் தேர்வு முடிந்த பிறகும் படிப்பு தொடரும்.