இரவல் எண்கள்: கருந்துளையின் தற்சுழற்சியை எக்ஸ் கதிர் நிறமாலையால் அளந்த வரலாறு

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் புரட்டாசி மாத முன்னிரவில் வடக்கு நோக்கி நின்றால், தொடுவானிலிருந்து ஏறத்தாழ 67 பாகை உயரத்தில் சிக்னஸ் எக்ஸ்-1 இருக்கும். ஆடி மாதத்தில் அதே வேளையில் தெற்கே 30 பாகை உயரத்தில் 4யூ 1630-47 வந்து நிற்கும். இரண்டிலும் ஒரு கருந்துளை தன் துணை விண்மீனிடமிருந்து பொருளை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அவை உமிழும் எக்ஸ் கதிர் தரைக்கு வந்து சேர்வதில்லை, வளிமண்டலம் விழுங்கிவிடுகிறது. ஊருக்கு வடமேற்கே, ஜவ்வாது மலையின் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இயங்கிவருகிறது. எக்ஸ் கதிரைப் பொறுத்தவரை அதுவும் குருடுதான். ஆனால் துணை விண்மீனின் ஒளியைப் பிடிக்க அத்தகைய தொலைநோக்கிதான் வேண்டும். கருந்துளை அளவீட்டின் வரலாற்றில் துணை விண்மீனை நோக்கும் இந்த வேலைக்கு உரிய இடம் தரப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு கருந்துளைக்கு நிறை, தற்சுழற்சி என இரண்டே அடையாளங்கள். மின்னூட்டத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. நிறையை அறியும் வழி பழையது: துணை விண்மீன் எவ்வளவு வேகத்தில், எத்தனை நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது என்று பார்த்தால் போதும். 1964இல் ராக்கெட் ஒன்று கண்டுபிடித்த சிக்னஸ் எக்ஸ்-1 விஷயத்தில் இதைச் செய்தவர்கள் இங்கிலாந்தின் வெப்ஸ்டர், மர்டின் இருவரும், தனியாகக் கனடாவின் போல்ட்டனும். ஹெச்டிஇ 226868 என்ற நீல விண்மீன் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை 5.6 நாளுக்கு ஒருமுறை சுற்றுவதை 1971–72இல் அவர்கள் காட்டினர். எக்ஸ் கதிர் வழிகாட்டியது. எடை போட்டது கண்ணுறு ஒளி.

தற்சுழற்சிக்குத்தான் எக்ஸ் கதிர் நிறமாலை தேவைப்பட்டது. உறிஞ்சப்படும் வாயு நேரே உள்ளே விழாமல் வட்டாகச் சுழன்று இறங்குகிறது. அந்த வட்டின் வெப்பத்தை 1973இல் ஷகூராவும் சுன்யாயெவும் கணக்கிட்டனர். அதே ஆண்டில் நோவிகோவும் தோர்னும் ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலை அதில் சேர்த்தனர். பொருள் நிலையாகச் சுற்றக்கூடிய கடைசிப் பாதை ஒன்று உண்டு. அதற்கு உள்ளே போனால் வீழ்ச்சிதான். 10 சூரிய நிறை கொண்ட, சுழலாத கருந்துளைக்கு அது மையத்திலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். வட்டின் திசையிலேயே உச்ச வேகத்தில் சுழல்வதற்கு சுமார் 15 கிலோமீட்டர். உள்விளிம்பு நெருங்க நெருங்க வட்டு சூடேறும், நிறமாலையின் மேடு உயர் ஆற்றல் பக்கம் நகரும். ஒரு கோடி பாகை வெப்பம் ஏறத்தாழ ஒரு கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்குச் சமம். கருவிகள் தேடுவது இந்த வட்டாரத்தில்தான்.

வெப்பநிலை தெரியும், வந்து சேரும் ஒளியின் அளவும் தெரியும் என்றால் ஒளிரும் பரப்பு கிடைக்கும். பரப்பிலிருந்து உள்விளிம்பின் ஆரம். 1997இல் ஜாங், குய், சென் மூவரும் இந்த வழியைத் தற்சுழற்சிக்குப் பயன்படுத்திக் காட்டினர். இங்கேதான் இரவல் தொடங்குகிறது. ஒளியைப் பரப்பாக மாற்றத் தொலைவு வேண்டும். வட்டு நம் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற கோணம் வேண்டும். கிலோமீட்டரில் வரும் ஆரம் கருந்துளையின் அளவோடு ஒப்பிட எவ்வளவு சிறியது என்று சொல்ல நிறை வேண்டும். மூன்றில் ஒன்றையும் இந்த நிறமாலை தானாகத் தருவதில்லை.

இரவல் எண் மாறினால் என்ன ஆகும் என்பதற்குச் சிக்னஸ் எக்ஸ்-1 தவிர வேறு சாட்சி வேண்டாம். 2011இல் அதன் நிறை 14.8 சூரியன், தொலைவு ஏறத்தாழ 6,000 ஒளியாண்டு என்று கொண்டனர். 2021இல் ரேடியோ தொலைநோக்கிகளின் இடமாறு அளவீடு தொலைவை 7,200 ஒளியாண்டுக்குத் தள்ளியது. நிறை 21ஐத் தாண்டியது. தற்சுழற்சி உச்ச வரம்பான 1ஐ ஒட்டியே நின்றது. பிறகு 2024இல் ஜியார்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் வட்டின் மேல் வெம்மையான ஒரு படலம் இருப்பதாகக் கொண்டு, அதே விதத் தரவுகளைப் பொருத்திப் பார்த்தனர். தற்சுழற்சி சுழியை ஒட்டி வந்துவிட்டது! ஆக, இரவல் வாங்குவது எண்களை மட்டுமல்ல, வட்டு எப்படி இருக்கும் என்ற கற்பிதத்தையும்தான்.

இரும்பு அணுக்களின் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடு எவ்வளவு அகன்று சிதைந்திருக்கிறது என்று பார்க்கும் இன்னொரு முறைக்கு நிறையும் தொலைவும் வேண்டாம். அதனாலேயே பலர் அதை விரும்புகிறார்கள். ஆனால் வட்டின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சும் மூலம் எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்று அங்கும் ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

இந்த வரலாற்றில் இந்தியாவின் பங்கு தடுமாறித் தொடங்கியது. 1975 ஏப்ரல் 19 அன்று ஏவப்பட்ட ஆரியபட்டா செயற்கைக்கோளில் எக்ஸ் கதிர் வானியல் கருவி இருந்தது. சில நாள்களிலேயே மின்வழங்கல் பழுதாகி அறிவியல் சோதனைகள் நின்றுபோயின. 1996 மார்ச்சில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஐஆர்எஸ்-பி3 செயற்கைக்கோளின் எக்ஸ் கதிர்க் கருவிகள் ஜிஆர்எஸ் 1915+105 என்ற கருந்துளை இணையை நோக்கின. மெதுவாக ஏறிச் சட்டென்று விழும் வெடிப்புகள் மீண்டும் மீண்டும் வருவதை அவை பதிவுசெய்தன. உள்வட்டு நிரம்புவதும் கருந்துளைக்குள் காலியாவதுமாக இதை விளக்கினர். அந்தக் கருவிகள் அளந்தது முக்கியமாகக் கால மாற்றத்தை. நுண்ணிய நிறமாலைக்கு 2015 செப்டம்பர் 28 வரை, இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் ஏறும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 

ஆஸ்ட்ரோசாட்டின் லேக்ஸ்பெக் கருவி செனான் வாயு நிரப்பிய மூன்று பெட்டிகள். எக்ஸ் கதிர் ஒன்று செனான் அணுவில் மோதினால் எலக்ட்ரான்கள் சிதறி ஒரு மின்துடிப்பு எழும். துடிப்பின் உயரம் ஆற்றலைச் சொல்லும். உயரவாரியாகத் துடிப்புகளை எண்ணிய பட்டியலே நிறமாலை. அந்தப் பட்டியலைத் திருப்பிப்போட்டு வானத்தில் இருந்த அசல் நிறமாலையை எடுக்க வழியில்லை. ஆய்வாளர் ஒரு வட்டைக் கற்பித்து, அது இந்தப் பெட்டிக்குள் எப்படித் தெரியும் என்று கணித்து, பட்டியலோடு பொருந்தும்வரை எண்களை மாற்றுகிறார். பெட்டியின் இயல்பு துல்லியமாகத் தெரியாவிட்டால் எல்லாம் வீண். மூன்றில் ஒரு பெட்டியில் வாயு கசிந்தது. அதன் அளவுகோல் நகர்ந்துகொண்டே போக, எக்ஸ் கதிர் நிறமாலை நன்கு தெரிந்த நண்டு நெபுலாவைப் பார்த்துப் பார்த்துத் திருத்த வேண்டியிருந்தது. கருந்துளைக் கட்டுரைகளில் அரைப் பத்தியில் முடிந்துபோகும் இந்த உழைப்பு என் கணிப்பில் பாதிக் கண்டுபிடிப்புக்குச் சமம்.

4யூ 1630-47 சராசரியாக இரண்டாண்டுக்கு ஒருமுறை பொங்கும். 2016இல் அது பொங்கியபோது ஆஸ்ட்ரோசாட்டும் அமெரிக்காவின் சந்திரா ஆய்வகமும் அதை நோக்கின. மயூக் பஹாரியும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட தற்சுழற்சி எண் 0.92. இந்தியக் கருவியின் பெயர் சொல்லும் முடிவுதான். ஆனால் இந்த இணையின் துணை விண்மீன் பால்வீதித் தூசிக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. சிக்னஸ் எக்ஸ்-1 போல அதன் சுற்றுப்பாதையை வைத்து எடை போட முடியவில்லை. நிறையும் தொலைவும் மறைமுகமாகவே வருகின்றன. 0.92ஐச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வானியற்பியலாளர் சந்திரசேகரைப் பற்றி எழுத வந்தால் எல்லோரும், வெள்ளைக் குள்ள விண்மீனின் நிறை வரம்பை அவர் கணக்கிட்ட 1930ஆம் ஆண்டுக் கப்பல் பயணத்தையே பிடித்துக்கொள்கிறார்கள். வட்டுக் கற்பிதத்தைச் சோதிக்க இங்கே வேண்டியது அவர் 1940களில் செய்த கதிர்வீச்சுக் கணக்கு. எலக்ட்ரான்கள் சிதறடிக்கும் ஒரு மேற்பரப்பை விளிம்புப் பக்கமாகப் பார்த்தால் ஒளியின் தளவிளைவு (அலைகள் ஒரே தளத்தில் அதிரும் அளவு) 11.7 விழுக்காடு வரை போகும் என்று அவர் காட்டினார். சாய்வு குறைந்தால் அதுவும் மளமளவெனக் குறையும். 2022இல், எக்ஸ் கதிரின் தளவிளைவை அளக்கும் ஐக்ஸ்பி செயற்கைக்கோள் 4யூ 1630-47இல் கண்டது சராசரியாக 8.3 விழுக்காடு, ஆற்றல் ஏற ஏற அதுவும் ஏறியது. வழக்கமான மெல்லிய வட்டுக்கு இது மிக அதிகம். அரைகுறையாக அயனியாகி வெளியே வீசும் வளிமண்டலம் ஒன்று வட்டின் மேல் இருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் 0.92க்கு அடிப்படையான வட்டுக் கற்பிதத்தையும் மறுபடி சோதிக்க வேண்டும். 2024 ஜனவரி 1 அன்று ஏவப்பட்ட இந்தியாவின் எக்ஸ்போசாட் செயற்கைக்கோள், பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தின் போலிக்ஸ் கருவியோடு, 8 முதல் 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை தளவிளைவை அளக்கவே போயிருக்கிறது.

ஆகவே இந்திய ஆய்வுக்கு இனித் தேவைப்படுவது இன்னொரு எக்ஸ் கதிர்க் கருவி மட்டுமல்ல. இந்த இணைகளின் துணை விண்மீன்களைப் பல ஆண்டுகள் விடாமல் பின்தொடரும் கண்ணுறு, அகச்சிவப்புத் தொலைநோக்கி நேரமும்தான். மாணவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆஸ்ட்ரோசாட்டின் பழைய தரவுகள் 2018 முதல் பொதுவில் கிடைக்கின்றன. பொருத்திப் பார்க்கும் எக்ஸ்ஸ்பெக் மென்பொருளும் இலவசம். திருவண்ணாமலைக் கல்லூரி ஒன்றில் முதுநிலை இயற்பியல் படிப்பவர் 4யூ 1630-47இன் தரவை இறக்கி, நிறையைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் தற்சுழற்சி எப்படி நகர்கிறது என்று பார்க்கலாம். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுபவர்கள் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.