கடாரம் கொண்டவன் ஊரிலிருந்து கடல் கடந்தவர்கள்

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புகிறவர் பெட்டியில் என்ன இருக்கும் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சென்ட் பாட்டில், சோப்பு, கோடாலித் தைலம், முன்பெல்லாம் ஒரு டேப்ரெக்கார்டர். ஆனால் ஊரிலிருந்து கிளம்பும்போது அதே பெட்டியில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஊறுகாய், பருப்புப்பொடி, நாலு சட்டை, ஒரு சாமி படம். பலருடைய பெட்டியில் இவற்றுக்கு அடியில் இரண்டு மூன்று கதைப் புத்தகங்களும் இருந்தன. பெரும்பாலும் பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கிய பாக்கெட் நாவல்கள். கொஞ்சம் கனம் தாங்கும் பெட்டி என்றால் 'பொன்னியின் செல்வன்'.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக்காரர்கள் அந்தக் கதைகளைக் கடலுக்கு அப்பால் படித்ததில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தக் கதைகளில் வரும் ஊர்கள் பல அவர்களுடைய சொந்த ஊர்கள்!

வறண்ட பூமி

இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் நெடுங்காலம் திருச்சி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தவை. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, கடைசியில் 2007-ல் மீண்டும் தனி மாவட்டமானது. தெற்கே கொள்ளிடம் ஓடினாலும் உட்புறம் பெரும்பாலும் மானாவாரி நிலம். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும். மழை பொய்த்தால் வெளியே போவதைத் தவிர வேறு வழி இல்லை.

அப்படி வெளியே போனது நேற்று இன்று தொடங்கியதல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த முக்கிய மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, வங்கக் கடலைக் கடந்து, பினாங்கில் இறங்க வேண்டும். 1926-லிருந்து 1970களின் தொடக்கம் வரை அந்தக் கடலில் ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயர் பழைய தலைமுறைக்கு மறக்காது. 1938-ல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் கூட்டிப்போவதைத் தடை செய்தது. அதற்குப் பிறகும் தாமாகவே போனவர்கள் உண்டு. 'ரஜூலா'வுக்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது.

முதல் கடல் பயணம் யாருடையது?

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஆயிரம் ஆண்டு பின்னால்.

அரியலூர் மாவட்டத்தின் உடையார்பாளையம் வட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. கங்கை வரை படை அனுப்பி வென்ற முதலாம் ராஜேந்திர சோழன் கட்டிய தலைநகரம். 1025-ல் அவனுடைய கடற்படை ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கியதை அவனது மெய்க்கீர்த்தி சொல்கிறது. கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். பினாங்குத் தீவு அந்தக் கெடாவின் கரைக்கு எதிரே கிடக்கிறது. பழைய கடாரத்தின் எச்சங்கள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்குக்குப் பக்கத்திலேயே, சுங்கை பட்டாணி போன்ற ஊர்களைச் சுற்றி, தமிழர்கள் பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டங்கள் இருந்தன.

யோசித்துப் பாருங்கள். சோழன் கப்பல்களோடு போய் வென்ற அதே கரைக்கு, அவன் தலைநகரம் இருந்த அதே சீமையிலிருந்து, ஒன்பது நூற்றாண்டு கழித்து ஜனங்கள் கூலிகளாகப் போய் இறங்கினார்கள். தலைநகரத்தின் கதியும் ஏறத்தாழ அதுதான். 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரம் கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் அணைக்குப் போட்டார்கள். 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்த கோயில், மதிலைப் பறிகொடுத்த கோயில்.

தொடர்கதை செய்த வேலை

இந்தப் பழைய பெருமையெல்லாம் சாதாரண வாசகனுக்கு எப்படித் தெரிந்தது? பள்ளிக்கூடத்தில் சோழர் பாடம் சில பக்கங்களில் முடிந்துவிடும். மிச்சத்தைச் சொல்லிக் கொடுத்தது வாரப் பத்திரிகைத் தொடர்கதை.

கல்கி 1950 அக்டோபரில் 'பொன்னியின் செல்வன்' தொடரை ஆரம்பித்தார். மூன்றரை ஆண்டு, ஐந்து பாகம், மணியம் ஓவியம். வீடு வீடாகப் பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்துக்கொண்டார்கள். பிறகு அகிலன் ராஜேந்திரனையே நாயகனாக்கி 'வேங்கையின் மைந்தன்' எழுதினார். அது 1963-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. சாண்டில்யன் குமுதத்தில் எழுதிய 'கடல் புறா' வாசகனைக் கப்பலிலேயே ஏற்றிக் கடாரம் பக்கம் கூட்டிக்கொண்டு போனது.

மலாயாவில் இருந்த தமிழருக்குப் படிப்பது புதிதல்ல. கோலாலம்பூரில் 1924-லிருந்து 'தமிழ் நேசன்', சிங்கப்பூரில் 1935-லிருந்து 'தமிழ் முரசு' வந்தன. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளும் கப்பலில் போயின. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பது அந்தக் காலத்து வழக்கம்.

எண்ணெய் தேசத்து அறை

1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் திசை மாறியது. சவூதி, துபாய், குவைத் என்று ஆள் தேவைப்பட்டது. பெரம்பலூர் மாவட்டத்தின் லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் என்று சொல்லும் நிலை வந்தது. அந்தப் பக்கம் சிங்கப்பூரும் கட்டுமான வேலைக்கு ஆள் எடுத்தது. 2015-ல் எடுத்த தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வின்படி சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். அதிகம் பேர் இருந்த நாடு சிங்கப்பூர்.

போவதற்கு முன்பே கடன். ஏஜெண்டுக்குக் கொடுக்க நிலத்தை அடகு வைப்பார்கள், இல்லையென்றால் மனைவியின் நகை. பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் குடியகல்வு அனுமதி தேவை என்று முத்திரை விழும். போய்ச் சேர்ந்தால் ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர், அடுக்குக் கட்டில். விடியும் முன் கம்பெனி பஸ். வெயில், சிமெண்ட், கம்பி. திரும்பி வந்தால் முறை வைத்துச் சமையல். முதல் ஒரு வருஷச் சம்பளம் கடனுக்கே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. பிறந்த குழந்தையை அது நடக்க ஆரம்பித்த பிறகு முதன்முதலில் பார்த்த அப்பாக்கள் எத்தனையோ பேர்.

செல்போன் வராத காலத்தில் கடிதம் வந்து சேரப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். சிலர் குரலைக் கேசட்டில் பதிவு செய்து ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்புவார்கள். மீதி நேரத்தை என்ன செய்வது? வளைகுடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை. (ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 முதல் அரசு விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது.) துணி துவைத்து, முடி வெட்டி, குழம்பு வைத்த பிறகும் அந்த நாள் நீளமாகக் கிடக்கும். அப்போதுதான் பெட்டிக்கு அடியிலிருந்து நாவல் வெளியே வரும்.

1969-ல் 'ராணி முத்து' மலிவு விலை மாத நாவலைப் பழக்கத்துக்குக் கொண்டு வந்தது. 1980களில் பாக்கெட் நாவல் அலை. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, தேவிபாலா, ராஜேந்திரகுமார், குடும்பக் கதைக்கு ரமணிசந்திரன். விலை சில ரூபாய்தான், தாளும் மட்டமான தாள். பெரம்பலூரில் வாங்கினால் திருச்சி விமான நிலையம் போவதற்குள் பாதி முடிந்துவிடும். ஆனால் அறையில் அதற்கு ஆயுள் அதிகம். ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டில், ஓர் அறையிலிருந்து இன்னொரு அறை என்று கைமாறும். அட்டை போகும், முன்பக்கம் போகும், கடைசியில் கொலைகாரன் யார் என்று சொல்லும் பக்கமே போய்விடும். முன்பே படித்தவர் வாய்வழியாக முடிவைச் சொல்ல வேண்டியதுதான்!

இலக்கியவாதிகள் இந்த நாவல்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பத்து மணி நேரம் கம்பி கட்டிவிட்டு வந்தவனுக்கு அரை மணி நேரம் தமிழில் வேறோர் இடத்தில் இருக்க முடிந்தது. அதைத் தந்த புத்தகத்தை மட்டமானது என்று தள்ளுவதற்கு முன் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பழுவூர் என்ன பாவம் செய்தது?

பொன்னியின் செல்வனில் எல்லோருக்கும் நினைவிருக்கும் பாத்திரங்கள் பெரிய பழுவேட்டரையரும் சின்னப் பழுவேட்டரையரும். ஒருவர் தனாதிகாரி, மற்றவர் தஞ்சைக் கோட்டைத் தலைவர். அவர்களுடைய பழுவூர் கற்பனை ஊர் அல்ல. அரியலூருக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர் என்று பஸ் நிற்கும் ஊர்கள்தான். கீழையூரில் பழுவேட்டரையர் காலத்து இரட்டைக் கோயில் இன்றும் இருக்கிறது. தினமும் அந்த வழியாகப் போனவர்களில் பலருக்கு, அது ஒரு வரலாற்று ஊர் என்று முதலில் சொன்னது இந்தக் கதைதான்.

ஆனால் கதை தந்த புகழில் ஒரு சிக்கலும் உண்டு. நாவலில் பெரிய பழுவேட்டரையர் அரசுக்கு எதிரான சதியில் சிக்கியவர், நந்தினியிடம் மயங்கியவர். நந்தினி முழுக்க முழுக்கக் கல்கியின் கற்பனை. கல்வெட்டுகளில் தெரியும் பழுவேட்டரையர்கள் சோழருக்கு உறுதுணையாக நின்ற சிற்றரசர்கள். பராந்தக சோழன் அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தான். பாண்டியரையும் ஈழப் படையையும் எதிர்த்து நடந்த வெள்ளூர்ப் போரில் பழுவேட்டரையன் கண்டன் அமுதன் சோழர் பக்கம் நின்று போரிட்டான். ஆதித்த கரிகாலன் கொலையில் துரோகிகள் என்று உடையார்குடிக் கல்வெட்டு சொல்லும் பெயர்கள் சோமன், ரவிதாசன், பரமேசுவரன். அதில் பழுவேட்டரையர் பெயர் இல்லை. கதையைக் கதையாகப் படித்தால் சுகம். அதையே சரித்திரமாக நம்பினால் ஓர் ஊர் மேல் வீண் பழி.

புத்தகம் போய் போன் வந்தது

1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழ்ந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். பல நாட்டுத் தமிழர்கள் வேலை நேரம் போகத் தட்டச்சு செய்து தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினார்கள். பொன்னியின் செல்வனின் ஐந்து பாகமும் அப்படி ஏறியது. பெட்டியில் கனம் பார்க்க வேண்டிய அவசியம் போனது. பிறகு ஸ்மார்ட்போன். இன்று சிங்கப்பூர் விடுதியில் இருப்பவர் அதே கதையை யூடியூபில் ஒலிவடிவில் கேட்டுக்கொண்டே சமைக்கலாம். 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் படங்கள் வந்தபோது பழுவூர் பெயர் உலகம் முழுக்கத் திரையில் ஒலித்தது. பஸ் ஸ்டாண்டு கயிற்றில் தொங்கிய நாவல்கள் மட்டும் குறைந்துகொண்டே போயின.

ஒரு குறை மட்டும் பாக்கி. கப்பற்படையோடு கடல் கடந்தவனுக்கு மெய்க்கீர்த்தி இருக்கிறது, ஐந்து பாகம் நாவல் இருக்கிறது, சினிமா இருக்கிறது. நிலத்தை அடகு வைத்துக் கடல் கடந்தவனைப் பற்றி அவன் விரும்பிப் படித்த நாவல்களில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. அவற்றில் வரும் வெளிநாட்டு மாப்பிள்ளை பெரும்பாலும் கோட்டுப் போட்டவர். அடுக்குக் கட்டிலில் படுத்து அதைப் படித்தவர் கதைக்குள் வரவே இல்லை.

அவர்களில் நிறையப் பேர் இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். லெப்பைக்குடிகாட்டிலும் ஜெயங்கொண்டத்திலும் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் பெரியவரிடம் கேட்டால் எந்த வருஷம் போனார், அறையில் எத்தனை பேர், என்ன புத்தகம் படித்தார் என்று சொல்வார். அந்தப் பதில்களை யாராவது உட்கார்ந்து எழுதி வைக்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே.