மாதிரிக் கப்பல் ஆட்டமும் பலகையாட்டக் களமும்

மேசையிலோ தரையிலோ சிறு மாதிரிக் கப்பல்களை நகர்த்திக் கடற்போர் ஆடுவோர், எந்த அணி எங்கே, எதற்காக மோதுகிறது என்பதை ஒரு பலகையாட்டத்தின் போக்கிலிருந்து பெறும் முறை இது. கடல் வரைபடப் பலகையில் இரு தரப்பும் அணிகளை நகர்த்தும். அவை சந்தித்தால் ஆட்டம் மாதிரிக் கப்பல்களுக்கு மாறும். அங்கு பட்ட சேதம் பலகைக்குத் திரும்பும். இதைத் தொடங்கியவர் யார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவின் நியூபோர்ட் கடற்படைக் கல்லூரியில் 1887 முதல் மெக்கார்ட்டி லிட்டில் கற்பித்த ஆட்டங்களில் வரைபட ஆட்டமும் அணிப்போர் ஆட்டமும் தனித்தனியே இருந்தன. வேர் அங்கே என்று கொள்ளலாம். 1898இல் பிரெட் ஜேன் வெளியிட்ட ஆட்டத்தில் குண்டு பட்ட இடத்தைக் குறிக்க, ஊசி பொருத்திய சிறு மட்டையால் கப்பலின் காகிதப் படத்தில் அடிப்பார்கள். புகழ்பெற்ற அவரது போர்க்கப்பல் கையேடு இந்த ஆட்டத்துக்குத் துணையாகப் பிறந்தது. அவலான் ஹில் நிறுவனத்தின் ‘மிட்வே’ (1964) தேடலுக்கும் போருக்கும் தனித்தனிப் பலகை தந்தது. ‘ஜட்லண்ட்’ (1967) போரைத் தரைக்கே கொண்டுவந்தது.

பலகை ஏன் வேண்டும் என்பதற்குச் சோழமண்டலக் கடற்கரையை விடத் தெளிவான சான்று அரிது. 1782 பிப்ரவரி 15 அன்று பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் சென்னைக் கடலுக்கு வந்தார். கோட்டைப் பீரங்கிகளின் காவலில் பிரிட்டிஷ் தளபதி ஹியூஸின் 9 கப்பல்கள் நங்கூரமிட்டிருந்தன. தாக்குவது உசிதமல்ல என்று சுஃப்ரன் தெற்கே திரும்பினார். ஹியூஸ் பின்தொடர்ந்து, பிரெஞ்சு அணியோடு வந்த சரக்குக் கப்பல்களில் சிலவற்றைப் பிடித்துவிட்டார். அவற்றை மீட்கத் துரத்திய சுஃப்ரன் 17ஆம் தேதி சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் போரிட்டார். அவரிடம் இருந்த கப்பல்கள் 11 என்றும் 12 என்றும் நூல்கள் வேறுபடுகின்றன. போருக்குப் பின் ஹியூஸ் பழுதுபார்க்கத் திரிகோணமலை போனார். ஆகஸ்டு முடிவில் அந்தத் துறைமுகமே சுஃப்ரன் கைக்குப் போயிற்று. பிராவிடியன், நாகப்பட்டினம், திரிகோணமலை, கடலூர் என 1783 ஜூன் வரை இருவரும் மேலும் நான்கு முறை மோதினர். ஐந்து போர்களிலும் எத்தரப்பும் ஓர் அணிக்கப்பலைக்கூட எதிரியிடம் இழக்கவில்லை. 17ஆம் தேதியை மட்டும் மேசையில் வைத்தால் முடிவில்லாத பீரங்கிச் சண்டைதான் கிடைக்கும். பிடிபட்ட சரக்கு, பழுதுபார்க்கத் துறைமுகம், கரையில் முற்றுகை ஆகியவை பலகையில் இருந்தால்தான் தளபதி கப்பலைக் காக்கவும் விலகவும் காரணம் உண்டு. கடலூரில் சுஃப்ரன் 15 கப்பல்களோடு ஹியூஸின் 18ஐ எதிர்த்ததும் முற்றுகையிலிருந்த அவ்வூரைக் காக்கவே. ஐரோப்பாவில் சமாதான முன்உடன்பாடு சனவரியிலேயே கையெழுத்தாகியிருந்தது. இருவருக்கும் அது தெரியாது. தனிக் களம் வகுப்பவருக்கு இது தோன்றியே இராது.

பலகை சமமான போரைத் தருவதில்லை, பல நேரம் போரையே தருவதில்லை என்பது பழைய ஆட்சேபம். உண்மைதான். 1942 ஏப்ரலில் இலங்கையைச் சுற்றி ஜப்பானிய, பிரிட்டிஷ் பேரணிகள் நேருக்கு நேர் மோதாமலே பிரிந்தன. ஆனால் எதிரியைக் காணாமல் போவதும், கண்டும் விலகுவதும் கடற்போரின் பகுதி. பிப்ரவரி 15 முடிவைத் தவறென்று ஒதுக்கும் ஆட்டம் சுஃப்ரனைப் புரிந்துகொள்ளவில்லை. ஒரு காய் பல கப்பல்களைக் குறிப்பதால் சேதக் கணக்கு துல்லியம் இழக்கிறது என்ற குறை இதைவிட வலுவானது. கப்பலுக்கு ஒரு தாள் வைத்து ஆட்டம்தோறும் எழுதிவந்தால் பெரும்பகுதி தீரும்.

அண்மைக் காலத்தில் வரைபடக் கணக்கைக் கணினியிடம் விடுவோரும் உண்டு. மேடவாக்கத்திலோ தாம்பரத்திலோ ஆடத் தொடங்குவோர் வட கடல் வரைபடத்தைத் தேட வேண்டாம். ஏறத்தாழ 45 கி.மீ. தெற்கே உள்ள சதுரங்கப்பட்டினக் கடலிலிருந்தே தொடங்கலாம்.