கடிதத்தின் கீழே ஒரு விலாசம்

1926-ஆம் வருஷம் ஏப்ரல் மாத இதழாக நியூயார்க் நகரில் பிறந்த ‘அமேசிங் ஸ்டோரீஸ்’, விஞ்ஞானக் கற்பனைக் கதைகளுக்கென்றே நடத்தப்பட்ட முதல் ஆங்கிலப் பத்திரிகை என்று பிரசித்தி பெற்றிருந்தாலும், அதன் முதல் இதழில் புதிய கதை என்று ஒன்றுகூட இல்லை. வெர்ன், வெல்ஸ், போ முதலியோருடைய பழைய கதைகளை மறுபிரசுரம் செய்தே 25 சென்டுக்கு விற்றார் அதன் அதிபர் ஹியூகோ கெர்ன்ஸ்பாக். லக்ஸம்பர்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறி, வானொலிச் சாமான் வியாபாரத்திலும் வானொலிப் பத்திரிகைகளிலும் பொருள் தேடிய அவர் இலக்கியத்துக்கு என்ன செய்தார் என்பது விவாதத்துக்குரிய விஷயம். ஆனால் 1927 ஜனவரியில் வாசகர் கடிதங்களுக்கென்று பக்கம் ஒதுக்கி, எழுதியவரின் பெயரோடு வீட்டு விலாசத்தையும் அச்சிட ஆரம்பித்தாரே, அந்தக் காரியம் அவர் வெளியிட்ட கதைகளில் பெரும்பாலானவற்றைக் காட்டிலும் நீடித்த பலன் தந்தது என்பது என் அபிப்பிராயம்.

தாராள மனத்தால் செய்த காரியம் என்று அதைச் சொல்வதற்கில்லை. கடிதத்துக்குச் சன்மானம் கிடையாது, பக்கமோ நிறையும். கதைக்குரிய சன்மானத்தையே இழுத்தடிப்பதில் அவர் கைதேர்ந்தவர். அவரிடம் பணம் பெறப் பட்ட பாட்டில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் அவருக்கு ‘எலி’ என்றே பட்டம் சூட்டிவிட்டார்.

அக்காலத்தில் இந்தப் பத்திரிகைகளைப் படிப்பது கௌரவமான பழக்கமாகக் கருதப்படவில்லை. ராட்சசப் பூச்சிகளும் வானில் பறக்கும் நகரங்களுமாக ஃபிராங்க் பால் தீட்டிய அட்டைப் படங்களைப் பெற்றோர் கண்ணில் படாமல் மறைத்து வைத்துப் படித்த சிறுவனுக்கு, தான் படித்ததைப் பற்றி இரண்டு வார்த்தை பேசத் தன் தெருவில் ஒருவரும் இல்லாதபோது, நூறு மைலுக்கு அப்பால் இன்னொருவன் அதே கதையைப் படித்து அதே இடத்தில் திகைத்திருக்கிறான் என்பதும், அவன் குடியிருக்கும் வீட்டின் இலக்கம் இன்னதென்பதும் ஒருங்கே தெரியவந்தால் சும்மா இருப்பானா? இதழுக்குப் போய்க்கொண்டிருந்த கடிதங்கள் மெல்ல மெல்ல வாசகருக்கு வாசகர் போகத் தொடங்கின. இந்த மாதம் நீ படித்தது என்ன, அது தேறுமா தேறாதா என்பதே பேச்சு.

அச்சான கடிதங்களுக்கு ஒரு வாடிக்கையான உருவம் அமைந்துவிட்டது. இதழின் கதைகளை முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்துவது. கதாசிரியர் கணக்கில் விட்ட பிழையைக் கண்டுபிடித்து அமர்க்களம் செய்வது. முடிவில், முரட்டுத் தாளின் ஓரங்களை ஒழுங்காக வெட்டிக் கொடுக்கக்கூடாதா என்று மன்றாடுவது. ஓரம் வெட்டும் இந்த வழக்கு வருஷக்கணக்காக நடந்தது! ‘அமேசிங்’ பத்திரிகையின் ஆசிரியர் பீடத்தில் பின்னர் அமர்ந்த ஓகானர் ஸ்லோன், எழுபது வயதைக் கடந்த வெண்தாடிக் கிழவர். மனிதன் ஒருநாளும் விண்வெளிக்குப் போகப்போவதில்லை என்று நம்பிக்கொண்டே, போய்வந்தவர்களின் கதைகளை மாதந்தோறும் அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்த ஒருவர், கடையில் தொங்கிய மலிவுப் பத்திரிகைகளைத் தம் மகன் தொடக்கூடாது என்று தடுத்திருந்தார். பெயரில் ‘விஞ்ஞானம்’ இருந்த காரணத்தால் ஒன்றுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. விற்பனைச் சரக்கு என்பதால் மடங்காமல் கசங்காமல் படித்துவிட்டுத் திரும்பவும் தட்டில் வைக்கவேண்டும். அந்தப் பையன் ஐஸக் அஸிமோவ். பின்னால் ‘அஸ்டவுண்டிங்’ பத்திரிகைக்கு அவன் எழுதிய கடிதங்களில் கதைகளுக்குத் தரம் பிரித்ததோடு, விஞ்ஞானக் கதைக்குள் காதலையும் பெண்களையும் நுழைப்பானேன் என்று வாலிப கர்வத்தோடு சண்டையும் போட்டான். 1938-ல் ஓர் இதழ் குறித்த நாளில் கடைக்கு வராமற்போகவே, காரணம் கேட்டு நேரே பிரசுராலயத்துக்கே போய்விட்டான்; சில வாரங்கள் கழித்து அதே இடத்துக்குத் தன் முதல் கதையை எடுத்துக்கொண்டு போனான். கதை திரும்பி வந்தது என்றாலும், ஆசிரியர் கேம்பெல்லின் சிநேகம் கிட்டியது. வாசகர் தரும் வரிசைகளைக் கூட்டிச் சராசரி கண்டு மாதந்தோறும் வெளியிடும் வழக்கத்தை அந்த வருஷந்தான் கேம்பெல் தொடங்கியிருந்தார்.

மாயமும் பயங்கரமும் கலந்த கதைகளுக்கென 1923-ல் தோன்றிய ‘வியர்ட் டேல்ஸ்’ பத்திரிகையிலும் இவ்விதமே. மில்வாக்கியில் ராபர்ட் பிளாக் என்னும் பள்ளி மாணவன், லவ்கிராஃப்டின் பழைய கதைகள் எங்கே கிடைக்கும் என்று அவருக்கே எழுதிக் கேட்டான். தம்மிடமிருந்த பிரதிகளையே இரவல் தருவதாக அவர் பதில் எழுதினார். பணத்துக்கு எப்போதும் முடை. தபால் தலைக்குச் செலவழிக்கமட்டும் அவர் தயங்கியதில்லை. நீயும் எழுதிப் பாரேன் என்று அவர் தூண்டியதன் பலனாக எழுத்தாளனான அந்த மாணவன்தான் பிற்காலத்தில் ‘சைக்கோ’ நாவலை எழுதியவன்.

1930-ல் சிகாகோவில் ‘தி காமெட்’ என்னும் ரசிகர் பத்திரிகை வெளிவந்தது முதல், கடிதம் எழுதி எழுதிப் பழகியவர்கள் தாமே சிறு பத்திரிகைகள் நடத்தத் துணிந்தார்கள். அச்சுக்கூலி கொடுக்க வகையில்லாதவர்கள், ஜெலட்டினும் கிளிசரினும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றி உறையவிட்டு, ஊதா மையால் எழுதிய தாளை அதன்மேல் படியவைத்து எடுத்து, பிறகு வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்பார்கள். ஐம்பது பிரதிக்குள் மை வெளிறிப்போகும். 1937-ல் டொனால்ட் வோல்ஹைம் என்பவர் இதற்கும் ஓர் ஒழுங்கு வகுத்தார். அவர் அமைத்த சங்கத்தின் அங்கத்தினர் தம் பத்திரிகைப் பிரதிகளை ஒரே இடத்துக்கு அனுப்ப, அவை கட்டுகளாகி மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் போகும். ஒரு கட்டில் கண்டதற்கு விமரிசனம் அடுத்த கட்டில் வரும். அதே வருஷம் ஜனவரியில் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ரசிகர்கள் சிலர் கூடினார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய இதழ்களை உல்வொர்த் கடைகளில் மலிவாகப் பொறுக்கிப் படித்து வளர்ந்த ஆர்தர் கிளார்க், பிற்காலத்தில் இலங்கையில் குடியேறியவர், அங்கே இருந்தார்.

1939 ஜூலையில் நியூயார்க்கில் விஞ்ஞானக் கதை ரசிகர்களின் முதல் உலக மகாநாடு கூடியபோது, கோஷ்டிச் சண்டை காரணமாக ஆறு பேரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் வோல்ஹைம். 1934-ல் கெர்ன்ஸ்பாக்கின் பத்திரிகையில் வெளியான கதைக்கு வரவேண்டிய 10 டாலருக்காக வழக்கு வரைக்கும் போனவரும் இவரே. இத்தகையவர் 1965-ல், ‘ஏஸ்’ பிரசுராலயத்தின் ஆசிரியராக இருந்துகொண்டு, அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஓட்டை இருப்பதாகக் கருதி, டோல்கீனின் ‘மோதிரங்களின் தலைவன்’ மூன்று பாகங்களையும் ஆசிரியருக்குச் சல்லிக்காசு கொடாமல் பாகம் 75 சென்டுக்கு மலிவுப் பதிப்பாக்கினார் என்பது விசித்திரமான விஷயம். டோல்கீன் நியாயஸ்தலத்துக்குப் போகவில்லை. தமக்குக் கடிதம் எழுதும் அமெரிக்க வாசகர்களுக்குப் பதில் எழுதுகையில், இது தம் சம்மதமின்றி வந்த பதிப்பு, இதை உங்கள் சிநேகிதர்களுக்கும் சொல்லுங்கள் என்று ஒரு குறிப்பைச் சேர்த்துவந்தார். வாய்க்கு வாய், கடிதத்துக்குக் கடிதம் செய்தி பரவியது; ‘பாலண்டைன்’ வெளியிட்ட அங்கீகாரம் பெற்ற பதிப்பு 95 சென்ட் விலையில், அதாவது 20 சென்ட் அதிகமாக இருந்தும், வாசகர்கள் அதையே கேட்டு வாங்கினார்கள். கடைசியில் ‘ஏஸ்’ நிறுவனம் டோல்கீனுக்கு ராயல்டி கொடுக்கவும், மேற்கொண்டு மறுபதிப்புச் செய்யாதிருக்கவும் இசைந்தது.